சிறுகோள் கல்லால் ஆனது, 6 கிலோமீட்டர் அகலம் என்பதெல்லாம் எப்படித் தெரியும்?

கேள்வி சுருக்கமாக இதுதான்: செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் உள்ள பட்டையில் ஒரு சின்னச் சிறுகோளைப் பற்றித் தேடியிருக்கிறீர்கள், "கல் வகை, விட்டம் சுமார் 6 கிலோமீட்டர், தன்னைத்தானே சுற்ற இத்தனை மணி நேரம்" என்று போட்டிருந்தது. அங்கே எந்த விண்கலமும் போனதில்லை, எவ்வளவு பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் வெறும் புள்ளி. அப்படியிருக்க இதெல்லாம் அளந்ததா, குத்துமதிப்பா, நாமே ஏதாவது சரிபார்க்க முடியுமா? அளந்தது என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும் சரியாக இருக்காது, குத்துமதிப்பு என்றாலும் சரியாக இருக்காது. அந்த ஒரு வரியில் உள்ள மூன்று தகவல்களையும் ஒரே அளவுக்கு நம்ப முடியாது, பார்ப்பதற்கு மட்டும் மூன்றும் ஒரே மாதிரி உறுதியாக அச்சாகி இருக்கின்றன. இந்தப் புள்ளிகளின் வெளிச்சத்தை அளந்து வரைபடம் போடுவதையே பல வருடங்களாகச் செய்து வருகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், அது ஏன் புள்ளியாகவே தெரிகிறது? பட்டையின் உட்புறத்தில் சுற்றும் ஒரு சிறுகோள் நமக்குப் பக்கத்தில் வரும்போதுகூட வழக்கமாக 15 முதல் 20 கோடி கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கும். அந்தத் தூரத்தில் 6 கிலோமீட்டர் என்பது, ஹபிள் தொலைநோக்கி பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய கோணத்தைவிடப் பல மடங்கு சிறியது. ஆக, அதன் ஓரத்தை யாரும் பார்த்ததில்லை. நம் கையில் இருப்பது அது வானத்தில் எங்கே இருக்கிறது, எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது, என்ன நிறம், இவை நேரத்தோடு எப்படி மாறுகின்றன என்பது மட்டும்தான். மற்ற எல்லாமே இதிலிருந்து கறந்து எடுத்தவை.

இதில் சண்டையே இல்லாத பகுதி சுற்றுப்பாதை. 1801 ஜனவரி 1 அன்று வானியலாளர் பியாட்சி இத்தாலியின் பலெர்மோவில் முதல் சிறுகோளான சீரிஸைக் கண்டுபிடித்தபோது, சில வாரங்களிலேயே அது சூரியனின் பக்கமாகப் போய் மறைந்துவிட்டது. கணிதமேதை காஸ் போட்ட கணக்கை வைத்துத்தான் அந்த வருடக் கடைசியில் திரும்பப் பிடித்தார்கள். இன்றைக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஒரு சிறுகோளுக்கு நிரந்தர எண் கொடுத்திருக்கிறார்கள் என்றாலே அதைப் பல வருடங்கள் பார்த்துப் பாதையை உறுதி செய்துவிட்டார்கள் என்று அர்த்தம். நீங்கள் பார்த்த பக்கத்தில் உள்ள சராசரித் தூரம், சுற்றுக்காலம், பாதையின் சாய்வு இந்த மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

அளவுதான் இடிக்கிற இடம். நாம் நேரடியாக அளப்பது வெளிச்சத்தை மட்டுமே. சூரியனிலிருந்தும் நம்மிடமிருந்தும் அதன் தூரம் தெரியும் என்பதால், அதையெல்லாம் கழித்துவிட்டு, இரண்டு தூரமும் ஒரு வானியல் அலகாக (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தூரம்) இருந்து முழு வெளிச்சமும் பட்டால் அது எவ்வளவு பிரகாசமாக இருக்கும் என்று ஓர் எண் போடுகிறோம். இதை எச் என்ற எழுத்தால் குறிப்பார்கள். எண் கூடக்கூட மங்கல். ஆனால் ஒரே வெளிச்சத்தைப் பெரிய கறுப்புக் கல்லும் தரும், சின்ன வெள்ளைக் கல்லும் தரும். மேலே விழும் ஒளியில் எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்பது, அதாவது எதிரொளிதிறன், தெரியாமல் விட்டம் சொல்ல முடியாது. எச் எண் 13 என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரொளிதிறன் 0.25 என்றால் விட்டம் 6.7 கிலோமீட்டர், இது கல் வகைக்கு வழக்கமான மதிப்புகளில் ஒன்று. கரிம வகைக்கு உரிய 0.06 என்று போட்டால் அதே சிறுகோள் 13.6 கிலோமீட்டர் ஆகிவிடும். 0.4 என்று போட்டால், 2008இல் ரொசெட்டா விண்கலம் கடந்துபோன ஷ்டெய்ன்ஸ் மாதிரி வெளிறிய கல் என்று அர்த்தம், 5.3 கிலோமீட்டர்தான். வெளிச்சம் ஒன்றுதான், விடை மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் மாறுகிறது. அப்புறம் அந்த எச் எண்ணே பல பட்டியல்களில் 0.3 அளவுக்குப் பிசகியிருக்கும், அது மட்டுமே விட்டத்தை 15 சதவீதம் நகர்த்திவிடும். உங்கள் பக்கத்தில் "எதிரொளிதிறன் 0.20 என எடுத்துக்கொள்ளப்பட்டது" என்கிற மாதிரி ஒரு குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த 6 கிலோமீட்டர் அளந்தது இல்லை, வகையை வைத்துப் போட்ட கணக்கு.

இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது, அகச்சிவப்பு. கறுப்புப் பரப்பு வெயிலை அதிகமாக உறிஞ்சிச் சூடாகி அந்தச் சூட்டை வெளியே விடும், வெளிறிய பரப்பு குறைவாகவே விடும். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பளிச்சென்று இருப்பது எது, சூட்டில் பளிச்சென்று இருப்பது எது என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விட்டமும் எதிரொளிதிறனும் தனித்தனியாக வந்துவிடும். 1983இல் ஐராஸ் செயற்கைக்கோள் இதைப் பெரிய அளவில் தொடங்கிவைத்தது. 2009 டிசம்பரில் ஏவிய வைஸ் தொலைநோக்கியும் அதன் தொடர்ச்சியான நியோவைஸும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சிறுகோள்களுக்கு விட்டம் கொடுத்தன. எல்லாம் கூடிவந்தால் பிழை 10 சதவீதம் அளவில் நிற்கும். குளிரூட்டி தீர்ந்தபிறகு இரண்டே அலைவரிசையில் பார்த்தவற்றில் 20 சதவீதம், அதற்கு மேலும்கூட இருக்கலாம். அந்தக் கணக்கு உருண்டையான ஒரு பொருளை மனதில் வைத்துப் போடுவது, நிஜத்தில் இந்த அளவுள்ள எதுவும் உருண்டையாக இருப்பதில்லை. 2002 நவம்பரில் ஸ்டார்டஸ்ட் விண்கலம் அன்னேஃபிராங்க் என்ற உட்பட்டைக் கல் சிறுகோளை 3,000 கிலோமீட்டர் தூரத்திலிருந்து படம் எடுத்தது. எதிர்பார்த்ததைவிட அது கணிசமாகப் பெரிதாக இருந்தது, பரப்பு எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கறுப்பாக இருந்தது. இரண்டும் ஒரே பிழையின் இரண்டு பக்கம் என்பது மேலே சொன்ன கணக்கைப் பார்த்தால் புரியும்.

சரி, கல் என்று எப்படிச் சொல்கிறார்கள்? நிறமாலையை வைத்து. அதன்மேல் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியைப் பிரித்துப் பார்த்தால், நீலத்திலிருந்து சிவப்பு வரை மெல்ல ஏறி, 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம் விழும். 2 மைக்ரானில் இன்னொரு பள்ளம். முதல் பள்ளம் ஆலிவின், பைராக்சீன் இரண்டுமே போடுவது, இரண்டாவது பைராக்சீன் போடுவது. இரண்டும் இரும்பு, மக்னீசியம் கலந்த சிலிக்கேட் கனிமங்கள், அதாவது சாதாரணமாக நாம் பாறை என்று சொல்லும் பொருள். இரண்டு பள்ளங்களின் ஆழம், அகலம், சரியான இடம் இவற்றை வைத்து இரண்டு கனிமமும் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்பதுவரை சொல்லலாம். இப்படிப்பட்ட நிறமாலை உள்ளவற்றைத்தான் எஸ் வகை என்கிறோம், பட்டையின் உட்புறத்தில் இவைதான் அதிகம். இரண்டு பள்ளமும் தெளிவாகத் தெரிகிற மாதிரி அகச்சிவப்புவரை நீளும் நல்ல நிறமாலை இருந்தால், அந்தச் சிறுகோளின் மேற்பரப்பு சிலிக்கேட் என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் கிடையாது.

ஆனால் சின்னச் சிறுகோள்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி ஒரு நிறமாலை எடுத்ததே இல்லை, மங்கலாக இருப்பதால் பெரிய தொலைநோக்கியின் நேரம் தேவைப்படும், அதை இதற்கு யாரும் லேசில் தரமாட்டார்கள். விண்மீன்களின் இடத்தை அளக்க அனுப்பிய கையா விண்கலம் 2022இல் 60,518 சிறுகோள்களின் நிறமாலையை வெளியிட்டது பெரிய விஷயம்தான், ஆனால் அது 1 மைக்ரானைத் தொட்டவுடன் நின்றுவிடுவதால் முதல் பள்ளத்தின் ஒரு பக்கச் சரிவுதான் கிடைக்கும், 2 மைக்ரான் கிடைக்கவே கிடைக்காது. மற்றவற்றுக்கு ஸ்லோன் என்ற வான்பரப்பு ஆய்வு மாதிரியானவற்றில் ஐந்து வடிகட்டி வழியாக எடுத்த நிறம் இருக்கும், அதுவும் இல்லையென்றால் "ஃபுளோரா குடும்பத்தைச் சேர்ந்தது, அந்தக் குடும்பம் எஸ் வகை, ஆகவே இதுவும் எஸ்" என்று எழுதிவிடுவார்கள். குடும்பம் என்றால் பழைய மோதல் ஒன்றில் உடைந்த பெரிய உடலின் துண்டுகள். பாதைகள் ஒத்துப்போவதை வைத்து 1918இல் ஜப்பானிய வானியலாளர் ஹிரயாமா முதன்முதலில் இவற்றைப் பிரித்துக் காட்டினார். இந்த ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், ஆனால் தற்செயலாக அதே பாதையில் சுற்றும் வெளியாள்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. ஃபுளோரா மாதிரி நெரிசலான பகுதியில் இன்னும் அதிகம். ஆக "கல் வகை" என்ற இரண்டு சொல்லுக்குப் பின்னால் அருமையான நிறமாலையும் இருக்கலாம், வெறும் அக்கம்பக்கத்து அடையாளமும் இருக்கலாம்.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கதை இங்கேதான் வருகிறது. பூமியில் வந்து விழும் விண்கற்களில் சுமார் 80 சதவீதம் சாதாரண காண்ட்ரைட் என்ற கல் வகை. உட்பட்டையில் அதிகம் இருப்பது எஸ் வகை. அங்கிருந்துதான் இவை வருகின்றன என்று யாருக்கும் தோன்றும். ஆனால் ஆய்வகத்தில் அந்த விண்கல்லின் நிறமாலையை எடுத்தால் சிறுகோளின் நிறமாலையோடு பொருந்தவில்லை, சிறுகோள்கள் அதிகம் சிவந்தும் பள்ளங்கள் ஆழமில்லாமலும் இருந்தன. பல பத்தாண்டுகள் இதை வைத்து வாதாடினார்கள். சூரியக் காற்றும் நுண்கல் மோதல்களும் பரப்பிலுள்ள துகள்களின்மேல் மிக நுண்ணிய இரும்புப் படிவை உண்டாக்குகின்றன, அதுதான் நிறத்தை மாற்றுகிறது என்று ஒரு தரப்பு சொன்னது. 1993இல் கலிலியோ விண்கலம் ஐடா என்ற எஸ் வகைச் சிறுகோளைப் படம் எடுத்தபோது புதிய குழிகளைச் சுற்றிய பகுதி மற்ற இடங்களைவிட நிறம் மாறித் தெரிந்தது அவர்களுக்கு நல்ல ஆதாரம். கடைசியில் ஜப்பானின் ஹயபுசா விண்கலம், இடோகாவா என்ற எஸ் வகைச் சிறுகோளிலிருந்து 2010 ஜூனில் துகள்களைக் கொண்டுவந்தது. உள்ளே இருந்தது எல்எல் என்ற, இரும்பு குறைந்த வகைச் சாதாரண காண்ட்ரைட்டேதான், துகள்களின் ஓரத்தில் அந்த நுண்ணிரும்பும் இருந்தது. இடோகாவா பூமிக்குப் பக்கத்தில் சுற்றுவது, பட்டையில் இருப்பது அல்ல. ஆனாலும் "தொலைவிலிருந்து நிறத்தை வைத்துக் கல் என்று சொன்னீர்களே, கையில் எடுத்துப் பார்த்தீர்களா" என்று கேட்டால், ஒன்றை எடுத்துப் பார்த்தோம், கணித்தபடியே இருந்தது என்று இப்போது தைரியமாகச் சொல்லலாம்.

சுழற்சிக்கு வருகிறேன், இது என் பேட்டை. நீள்வடிவக் கல் சுற்றும்போது அகலமான பக்கத்தைக் காட்டினால் வெளிச்சம் ஏறும், குறுகிய முனையைக் காட்டினால் இறங்கும். ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். இரவு முழுக்க அளந்து ஒளிவளைவு போட்டால் காலம் வந்துவிடும். ஏற்ற இறக்கம் 0.4 ஒளியளவு (வானியலில் வெளிச்சத்தை அளக்கும் அலகு, எச் எண்ணும் இதில்தான்) என்றால், நீளம் அகலத்தைப் போல் குறைந்தது ஒன்றரை மடங்கை ஒட்டி இருக்கும். நாலைந்து மணி நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கும், நன்றாக ஏறி இறங்கும் சிறுகோள் என்றால் சில இரவுகளிலேயே நொடிக்கணக்கில் துல்லியமான விடை கிடைக்கும், அதில் தகராறே இல்லை. தொல்லை கொடுப்பது 12, 24 மணி நேரத்தை ஒட்டிச் சுற்றுபவையும் பல நாள் எடுத்துச் சுற்றுபவையும். முதல் ரகம் ஒவ்வொரு இரவும் அதே முகத்தைக் காட்டும், மறுபக்கத்தைப் பார்க்க வேறு தீர்க்கரேகையில் இன்னொருவர் வேண்டும். ஏற்ற இறக்கம் குறைவாக இருந்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு உச்சமா, மூன்றா என்றே சொல்ல முடியாது, விடை பாதியாகவோ இரண்டு மடங்காகவோ இருக்கலாம். நல்லவேளையாக இந்தத் துறையில் ஒரு நேர்மையான வழக்கம் உண்டு: ஒளிவளைவுத் தரவுத்தளத்தில் ஒவ்வொரு காலத்துக்கும் பக்கத்தில் யூ என்று ஒரு தரமதிப்பு போட்டிருப்பார்கள். 3 என்றால் உறுதி, 2 என்றால் பெரும்பாலும் சரி ஆனால் மாற இடமுண்டு, 1 என்றால் முழுக்கத் தவறாகவே இருக்கலாம். பிரச்சினை என்னவென்றால் மற்ற பக்கங்கள் காலத்தை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு இந்த எண்ணை விட்டுவிடுகின்றன.

நன்றாக அளந்தும் அர்த்தம் மாறிப்போனதற்கு டிங்கினேஷ் ஓர் அழகான உதாரணம். பட்டையின் உள்விளிம்பில், 2.19 வானியல் அலகில் சுற்றும் சின்ன எஸ் வகைச் சிறுகோள் அது. லூசி விண்கலம் தன் கருவிகளைச் சோதித்துப் பார்க்க வழியில் எதையாவது பார்க்கட்டும் என்று 2023 ஜனவரியில்தான் அதைப் பயணத்தில் சேர்த்தார்கள். அதற்கு முன் தரையிலிருந்து பார்த்து ஒளிவளைவு 52.67 மணி நேரம் என்று அளந்திருந்தார்கள், மெதுவாகச் சுற்றும் கல் என்று முடிவு. 2023 நவம்பர் 1 அன்று லூசி 431 கிலோமீட்டர் பக்கத்தில் கடந்தபோது பார்த்தால், அதற்கு ஒரு நிலா. அந்த நிலாவும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட இரண்டு உருண்டை, 210 மீட்டரும் 230 மீட்டரும். அந்த மாதிரி ஒட்டிய நிலாவை அதற்கு முன் யாரும் உறுதியாகப் பார்த்ததில்லை. அந்த நிலாவுக்கு செலாம் என்று பெயர் வைத்தார்கள், அது டிங்கினேஷைச் சுற்ற எடுக்கும் நேரம்தான் அந்த 52.7 மணி. டிங்கினேஷ் தன்னைச் சுற்ற எடுப்பது 3.74 மணி நேரம் மட்டுமே. தரையில் அளந்தவர்களின் எண்ணில் பிழையே இல்லை, எண் வேறொரு பொருளுக்கு உரியது, அவ்வளவுதான். 720 மீட்டர் கல்லுக்கு இவ்வளவு இருக்கிறது என்றால், படம் எடுக்காத லட்சக்கணக்கானவற்றில் என்னென்ன இருக்கிறதோ.

உள்ளே எப்படி இருக்கும் என்பதில்தான் நம் பிடி மிகத் தளர்வானது. நிறமாலை காட்டுவது மேல்தோலை, அதுவும் மில்லிமீட்டருக்குக் குறைவான ஆழத்தை. ஒரே பாறையா, உடைந்த துண்டுகள் தங்கள் ஈர்ப்பில் சேர்ந்து கிடக்கும் குவியலா? மறைமுகமான ஒரு தடயம் உண்டு: சில நூறு மீட்டருக்கு மேற்பட்ட சிறுகோள்களில் 2.2 மணி நேரத்துக்குக் குறைவான காலத்தில் சுற்றுபவை அனேகமாக இல்லவே இல்லை. அதைவிட வேகமாகச் சுற்றினால் வெறும் ஈர்ப்பால் கட்டுண்ட குவியல் நடுக்கோட்டில் கழன்றுவிடும், ஒரே பாறை என்றால் அப்படி ஒரு வரம்பு தேவையில்லை. ஆக பெரும்பாலானவை குவியல்கள் என்று நினைக்க நல்ல காரணம் இருக்கிறது, உங்களுடையதும் அப்படித்தான் என்று சொல்ல அது போதாது. நிலா இருந்தால் நிலைமை மாறும். செலாம் 3.1 கிலோமீட்டர் தூரத்தில் 52.7 மணி நேரத்தில் சுற்றுகிறது என்பதை கெப்ளர் விதியில் போட்டால் நிறை வந்துவிடும், அதை லூசி அளந்த பருமனால் வகுத்தால் கன சென்டிமீட்டருக்கு சுமார் 2.4 கிராம். சாதாரண காண்ட்ரைட் கல் 3.3ஐத் தாண்டும், எனவே உள்ளே இடைவெளி நிறைய. இடோகாவா 1.9தான். நிலாவும் இல்லாமல், விண்கலமும் போகாமல் ஒரு 6 கிலோமீட்டர் கல்லுக்கு யாராவது நிறை போட்டிருந்தால், அது அடர்த்தியை ஊகித்துப் போட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நாமே சரிபார்க்க முடியுமா என்று கேட்டீர்கள், முடியும், அதுவும் மூன்றில் இரண்டை. எச் எண் 13 உள்ள உட்பட்டைச் சிறுகோள், சூரியனுக்கு நேரெதிரே வரும்போது சுமார் 15.4 ஒளியளவில் இருக்கும். 20 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தால் தெரியாது, கேமரா மாட்டி ஒரு நிமிடம் படம் எடுத்தால் தெரியும், அரை மணி நேரம் கழித்து இன்னொன்று எடுத்தால் நகர்ந்திருக்கும். அந்த மாதிரிக் கருவியோடு வீட்டிலிருந்து ஒளிவளைவு எடுப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், மைனர் பிளானட் புல்லட்டின் என்ற இதழில் வரும் காலங்களில் பெரும்பகுதி அவர்கள் அளந்தவைதான். அளவைச் சோதிக்க இன்னொரு வழி மறைப்பு: சிறுகோள் ஒரு விண்மீனுக்கு முன்னால் போகும்போது அதன் நிழல் பூமியின்மேல் ஓடும், அந்த நிழலின் அகலம் அந்தச் சிறுகோளின் அகலமேதான், எதிரொளிதிறனைப் பற்றி எந்த ஊகமும் தேவையில்லை. 6 கிலோமீட்டர் கல் என்றால் விண்மீன் அணைவது பெரும்பாலும் ஒரு நொடிகூட நீடிக்காது, எனவே நேரம் துல்லியமாகப் பதிகிற வீடியோ கேமரா வேண்டும், நிழல் பாதையில் குறுக்காக ஒன்றிரண்டு கிலோமீட்டர் இடைவெளி விட்டு நாலைந்து பேர் நிற்கவேண்டும். கையா விண்மீன்களின் இடத்தைத் துல்லியமாகக் கொடுத்தபிறகுதான் இவ்வளவு சின்னவற்றுக்கு நிழல் எங்கே விழும் என்று நம்பிக்கையோடு சொல்ல முடிகிறது. நிறமாலையை மட்டும் விட்டுவிடுங்கள், அது பெரிய கண்ணாடிகளின் வேலை. தொடங்குவதானால் ஒளிவளைவில் தொடங்குங்கள். உங்கள் சிறுகோளின் யூ மதிப்பு என்ன என்று முதலில் தேடுங்கள், 2 அல்லது அதற்குக் கீழ் என்றால் அதையே எடுத்துக்கொள்ளலாம். அடுத்து எந்த மாதம் அது சூரியனுக்கு எதிரே வருகிறது என்று சிறுகோள்களைப் பதிவு செய்யும் மைனர் பிளானட் சென்டரின் கணிப்பில் பார்த்து, அந்த மாதத்தில் நிலவு இல்லாத வாரமாகத் தேர்ந்தெடுங்கள்.